கவசப் படைக்கு எதிராக ஒரு வார்டு

போன சனிக்கிழமை ஒரு ராட்சச இயந்திரம் நின்றுபோனது. அதற்காக ஒரு அறை முழுக்க அழுதது.

நிஜ இயந்திரம் கிடையாது. கார்ட்டூன். அழுததும் குழந்தைகள் கிடையாது. பேரன் பேத்தி எடுத்தவர்கள். இரண்டு பேருக்குப் பல் செட்டு.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் சிரித்தவன்தான். ஆனால் சிரிப்பெல்லாம் முதல் பாதியில்... இரண்டாம் பாதி கொஞ்சம் கசக்கும். இப்போதே சொல்லிவிட்டேன். பிறகு ‘தம்பி, இந்த வாரம் ஏமாத்திட்டியே’ என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாது.

அறை என்றால் டயாலிசிஸ் அறை. கேரள எல்லைக்குள், நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடம். கீழே மருந்துக்கடை. மேலே வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மிஷின். ஆளுடைய ரத்தம் ஒரு குழாய் வழியாக மிஷினுக்குள் போகும். சுத்தமாகி இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். செவ்வாய், வியாழன், சனி. எவ்வளவு காலத்துக்கு? அதை மட்டும் கேட்காதீர்கள்.

படுத்திருப்பவர்களில் ஒருவர் என் அக்காவின் வீட்டுக்காரர். வில்சன் அத்தான். பாறசாலைப் பக்கம் ஜேசிபி ஓட்டிக்கொண்டிருந்தவர். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் ஆள் நான். ஏன் நான்? குடும்பத்தில் மற்ற எல்லாருக்கும் வேலை உண்டு. எனக்கு ‘ஏதோ கொஞ்சம்’ உண்டு. அந்த ஏதோ கொஞ்சத்தில் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியும் ஒன்று.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜேசிபி பக்கெட்டின் இரும்புப் பல்லில் கோழி முட்டையை வைத்துத் தூக்கி, அடுத்த பக்கம் இறக்கி வைப்பார். முட்டை உடையாது. பந்தயம் கட்டிச் செய்வார். ரப்பர் தோட்டத்துச் சரிவிலும் வண்டியை அணில் மாதிரி ஏற்றுவார். ஒரே ஒரு விஷயத்தில் சோம்பேறி — பிரஷர் மாத்திரை. சட்டைப் பையில் இருக்கும், வாய்க்குப் போகாது. சட்டை துவைக்கும்போது மாத்திரையும் சேர்ந்து வெளுக்கும். அப்படியே ஒரு நாள் காலெல்லாம் வீங்கி, மூச்சு முட்டி, டாக்டர் சொன்னார்: இரண்டு கிட்னியும் போயிற்று.

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்வார்கள். இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைப்பது. அதன் பிறகு அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, குலுக்கக் கூடாது, அதிர்வு படக் கூடாது. ஜேசிபியின் சீட்டில் அதிராத இடம் எங்கே இருக்கிறது? லிவர் பிடிக்கிற கை போயிற்று.

தையல் போட்ட இடத்தில் விரல் வைத்தால் உள்ளே கிர்ர்ர் என்று ரத்தம் ஓடுவது தெரியும். அத்தான் அதற்கு வைத்த பெயர் ‘ஐடிலிங்’.

“தொட்டுப் பாரு மக்கா. வண்டி ஸ்டார்ட்லதான் நிக்குவு. எடுக்கத்தான் ஆளில்ல.”

சொல்லிவிட்டுச் சிரிப்பார். நான் சிரிப்பேன். அக்கா மட்டும் எழுந்து போய்விடுவாள்.

டயாலிசிஸ் தொடங்கிக் கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பும் நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆட்டோவோடு போய் நிற்கிறேன், அத்தான் சட்டைகூடப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

“வாங்கோ அத்தான், ஆட்டோ நிக்குவு.”

“நான் வரல்ல. மதி.”

“என்னது மதி?” போதும் என்பதற்கு எங்கள் பக்கத்து மலையாளச் சொல் அது.

“இதுதான். மிஷினுக்க பக்கத்துல கெட்டிப்போட்ட பசு மாதிரி... எனக்கு மதி.”

“பசுன்னு நான் ஒத்துக்கிட மாட்டேன். எருமைன்னு வேணும்னா சொல்லலாம்.”

சாதாரணமாக இதற்குத் தலையணை பறந்து வரும். கூடவே ‘போலே சவமே’ என்று ஒரு ஆசீர்வாதமும் வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. திட்டாத அத்தானை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அக்கா தரையில் உட்கார்ந்து அவர் காலில் செருப்பை மாட்டினாள். அவர் எழுந்தார். போனோம்.

இனி கார்ட்டூன்.

டயாலிசிஸ் அறைச் சுவரில், உயரத்தில், ஒரு டிவி உண்டு. ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்திருந்த கேபிள் பேக்கேஜில் மூன்றே சேனல். ஒன்றில் காலையிலிருந்து ராத்திரி வரை நகைக்கடை விளம்பரம். இன்னொன்றில் எப்போதும் சமையல். கிட்னி போனவர்களுக்கு உப்பு கிடையாது, தண்ணீருக்கு அளவு, இளநீர் விஷம். அவர்கள் கண் முன்னால் மீன் குழம்பைக் கொதிக்க விட்டால்?

அத்தானுக்குப் பக்கத்துக் கட்டில் ஓமனச் சேச்சி. காட்டாக்கடைச் சந்தையில் காய்கறி விற்றவர். அவர்தான் நர்ஸ் பிந்து சிஸ்டரைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“எடீ பிந்து, அது மாற்று! இல்லெங்கில் ஞான் ஈ குழலெல்லாம் ஊரிக் களஞ்ஞிட்டு சாளக்கறி திந்நான் போகும்!”

குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மத்திமீன் குழம்பு சாப்பிடப் போகிறேன் என்று மிரட்டல். பிந்து சிஸ்டர் பயந்து மாற்றினார். மிச்சம் இருந்தது குழந்தைகள் சேனல். அதுவும் தமிழில்.

பதினோரு மணிக்கு அதில் ஒரு தொடர். உலகத்தை இயந்திரங்கள் பிடித்துக்கொண்டன. அவற்றை எதிர்த்து ஐந்து இளவட்டங்கள். ஆளுக்கொரு நிறத்தில் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம். பெயர் கவசப் படை. பறப்பார்கள், உதைப்பார்கள், கையிலிருந்து வெளிச்சம் அடிப்பார்கள். ஒவ்வொரு இயந்திரத்தையும் நொறுக்கிய பிறகு ஐந்து பேரும் வரிசையாக நின்று போஸ் கொடுப்பார்கள். கல்யாண மண்டபத்தில் போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளைத் தோழர்கள் தோற்றார்கள்.

அவர்கள் பேசுகிற தமிழ் இருக்கிறதே... “ஏ, இரும்பின் வாரிசே! உன் இறுதி அத்தியாயம் எழுதப்பட்டுவிட்டது!” எங்கள் ஊரில் யாராவது இப்படிப் பேசினால் முதலில் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டைக்கு இரண்டும். அத்தான் படித்தது மலையாளம். மற்றவர்களும் அப்படியே. நான் மட்டும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் போய்த் தமிழ்ப் பள்ளியில் பிளஸ் ஒன் வரை பெஞ்சு தேய்த்தவன். போதாக்குறைக்கு டிவி சத்தம் குறைத்து வைத்திருப்பார்கள், டாக்டர் உத்தரவு. டிவிக்கு நேர் கீழே ஸ்டூல் போட்டு உட்காரும் எனக்கு மட்டும்தான் கேட்கும்.

ஆக, அந்த அறையிலேயே பெரிய தமிழ்ப் புலவர் நான். ஆஸ்பத்திரியின் கதியைப் பாருங்கள்.

செருப்பு மாட்டிக் கூட்டிப் போன அந்தச் செவ்வாய்க்கிழமை, திரையில் ஒரு மலை பிளந்தது. உள்ளிருந்து புதிதாக ஒரு ராட்சசன் வந்தான். ஒற்றைக் கண். சங்கிலிச் சக்கரம். நீளமாக ஒரே கை, கை நுனியில் பல் வைத்த தொட்டி.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அத்தான் தலையைத் திருப்பினார்.

“எலே... அது ஜேசிபியாக்கும்!”

“அத்தான், அது உலகத்தை அழிக்க வந்த பூதம்.”

“போடே. எனக்குத் தெரியாதா? பூமு, அந்த நீளக் கை, கொள்ளாம். பக்கெட்டுதான் சின்னது. அத்தறை பெரிய பாறைய இந்தப் பக்கெட்டு வச்சு எடுத்தா பின்னு முறியும், கேட்டியா.”

திட்டு வந்துவிட்டது, பாதியாவது! நான் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதற்குள் ராட்சசன் ஏதோ கர்ஜித்தான். ஓமனச் சேச்சி கேட்டார்: “மோனே, அவன் எந்தா பறஞ்ஞது?”

அவன் உண்மையில் சொன்னது: “மானிடப் பதர்களே, உங்களை மண்ணோடு மண்ணாக்குவேன்!”

நான் சொன்னது: “‘எனிக்கு இவிடெ கிணறு குழிக்கான் உண்டு பிள்ளேரே, வழீந்நு மாறி நில்லு’ன்னு பறயுந்நு சேச்சி.”

கிணறு வெட்ட வந்த ஆள். வேலையைச் செய்ய விடாமல் ஐந்து பிள்ளைகள் வழியை மறிக்கிறார்கள். அவ்வளவுதான் கதை!

ஓமனச் சேச்சிக்கு மனசு இளகிவிட்டது. “பாவம்! பணிக்கு வந்நவனெ எந்தினா இவரு தல்லுந்நே?” என்று, வேலைக்கு வந்தவனை அடிப்பதற்காகக் கவசப் படையைத் திட்டினார். ராட்சசனுக்கு அங்கேயே பெயரும் வைத்தார். குட்டப்பன்.

அன்றிலிருந்து வார்டு கட்சி மாறியது.

நீங்களே யோசியுங்கள். எந்த வீட்டில் இந்தத் தொடர் ஓடினாலும் பிள்ளைகள் கவசப் படைக்குத்தான் கைதட்டும். மனுஷன் மனுஷன் பக்கம். அதுதானே உலகம்? ஆனால் உங்கள் ரத்தம் உங்கள் உடம்புக்கு வெளியே, ஒரு மிஷினுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது... மனுஷன் எங்கே முடிகிறான், மிஷின் எங்கே தொடங்குகிறது? ஓமனச் சேச்சி தன் மிஷினின் பக்கவாட்டில் தட்டிக்கொடுத்துச் சொல்வார்: “என்றெ மோன் ஓணத்தினு வரும். இவன் எந்நும் வரும்.” மகன் ஓணத்துக்கு வருவான், இவன் எப்போதும் வருவான்.

இப்படிப்பட்ட ஆட்களிடம் போய் மிஷினை உடைப்பவன் வீரன் என்றால் ஒப்புக்கொள்வார்களா?

அதற்குப் பிறகு நான்தான் டைரக்டர். குட்டப்பன் ஒரு நகரத்தை இடித்தான். ‘ரோடு வீதி கூட்டுகான்’, அதாவது ரோட்டை அகலமாக்குகிறான், என்றேன். ஒரு கோபுரத்தைப் பிடுங்கி எறிந்தான். ‘கரண்டு ஆபீசில் சொல்லியும் கம்பத்தை மாற்றவில்லை, அவனே மாற்றிக்கிட்டான்’ என்றேன். அறை கைதட்டியது. ஊசி குத்தாத கையால் தொடையைத் தட்டுவார்கள், அதுதான் அங்கே கைதட்டு. மிஷினின் அலாரம் அடித்தால்கூட பிந்து சிஸ்டர் ஒரு கண்ணை டிவியில் வைத்தபடிதான் வருவார்.

ஒரு நாள் எங்கள் சபை உபதேசியார் அத்தானுக்காக ஜெபம் பண்ண வந்திருந்தார். கண்ணை மூடப் போன நேரத்தில் திரையில் கவச வீரர்களைப் பார்த்துவிட்டார்.

“நல்ல காரியம் வில்சா. இவங்க தேவனுக்க சேனையாக்கும், இல்லியா?”

“இல்ல உபதேசியாரே,” என்றார் அத்தான். “இவனுவ எதிர்க்கட்சி.”

உபதேசியார் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

அத்தான் மாறிப்போனார். காலையில் அவரே சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். ஆட்டோ தாமதமானால் டிரைவருக்குத் திட்டு. வழியெல்லாம் என்னைக் கிண்டுவார்: “எலே, இன்னைக்கு அவன் அந்தப் பாலத்தை என்ன செய்வான்? ஒத்தக் கையால இழுத்தா வண்டி கவுந்து மறியும், நான் இப்பமே சொல்லுகேன்.” அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்: “அங்க புது மருந்து ஏதும் குடுக்காவளா?”

“கார்ட்டூன் அக்கா.”

“போலே, வெளையாடாதே.”

நம்பவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தில் எனக்குப் பொரித்த மீன் கூடுதலாக வர ஆரம்பித்தது. சமூகத்தில் என் மதிப்பு உயர்ந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு பொய்யும் ஒரு டிவியும் இருந்தால் ஒரு மனுஷனைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிடலாம். இதற்குப் போய் ஏன் எம்.பி.பி.எஸ். படிக்கிறார்கள்?

இனிமேல் இரண்டாம் பாதி.

போன சனிக்கிழமை தொடரின் கடைசிப் பாகம். ஒரு பெரிய குவாரிக் குழி. அடியில் குட்டப்பன். மேலே விளிம்பைச் சுற்றி ஐந்து கவசங்கள். குட்டப்பன் கையைத் தூக்கினான். கை பாதி வழியில் நின்றது. சங்கிலிச் சக்கரம் கொஞ்சம் உருண்டது, நின்றது. ஒற்றைக் கண் மங்கியது. உள்ளிருந்து ஒரு குரல், கோபமில்லாமல், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி:

“எரிபொருள் இருப்பு முடிவுற்றது. இயக்கம் நிறுத்தப்படுகிறது.”

கண் அணைந்தது. அவ்வளவுதான். கவசப் படை அவனைத் தொடக்கூட இல்லை. போஸ் மட்டும் கொடுத்தது.

அறை முழுக்க என்னைப் பார்த்தது.

என்ன சொல்வேன்? ‘டீசல் தீர்ந்துபோச்சு’ என்றா? இத்தனை நாள் நான் வளர்த்த பிள்ளை... கிணறு வெட்டினவன், ரோடு போட்டவன், கம்பம் மாற்றினவன்... கடைசியில் பம்ப்புக்குப் போக மறந்த பைக் மாதிரியா சாக வேண்டும்? எனக்கு மனசு வரவில்லை. கலைஞன் இல்லையா நான்! எழுந்து நின்றேன். குரலைக் கொஞ்சம் நடுங்க விட்டேன்.

“‘கூட்டுகாரே, ஞான் ஒருபாடு பணி எடுத்து. இனி மதி. ஞான் உறங்ஙட்டே’ன்னு பறஞ்ஞு.”

நண்பர்களே, நிறைய வேலை செய்துவிட்டேன். இனிப் போதும். நான் தூங்குகிறேன்.

ஓமனச் சேச்சி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதார். எதிர்க் கட்டிலில் ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரர், இத்தனை நாளில் ஒரு வார்த்தை பேசாதவர், மூக்கை உறிஞ்சினார். பிந்து சிஸ்டர் மாஸ்க்கை மேலே இழுத்துக் கண்ணைத் துடைத்தார். நான் பெருமையோடு ஸ்டூலில் உட்கார்ந்தேன். என்ன ஒரு முடிவு கொடுத்தேன்!

அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார், நெடுநாளாக விளங்காத கணக்கு விளங்கிவிட்ட மாதிரி.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அத்தான் சொன்னார்:

“மக்கா, அவன் சொன்னது சரியாக்கும்.”

“எவன்?”

“குட்டப்பன். பணி எடுத்தாச்சு. மதி. இனி ஒறங்கணும்.”

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“அத்தான், அது கார்ட்டூன்.”

“தெரியும்லே. கார்ட்டூனுக்கே அவ்வளவு விவரம் உண்டும்னா மனுஷனுக்கு வேண்டாமா?”

செவ்வாய்க்கிழமை காலை அவர் எழுந்திருக்கவில்லை. கோபம் இல்லை. முகத்தில் ஒரு தெளிவு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அன்னைக்கு வெறுப்புல மதின்னு சொன்னேன். இன்னைக்கு சமாதானத்துல சொல்லுகேன். ரெண்டும் ரெண்டாக்கும். நீ ஆட்டோவைத் திருப்பி அனுப்பு.”

அக்கா அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் ஒன்றும் கழுவவில்லை. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

நான் விடுவேனா? கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து புதுக் கதை எடுத்துவிட்டேன். ராத்திரி குட்டப்பன் கண்ணைத் திறக்கிறான், குழியிலிருந்து ஏறுகிறான், கவசப் படைக்காரனைக் காதைப் பிடித்து...

“வேண்டாம் மக்கா,” என்றார். “மரியாதையாட்டு போனவனை எழுப்பாதே.”

பொய்யில் இப்படி ஒரு சங்கடம் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மோசமாகச் சொன்ன பொய்யை எப்போது வேண்டுமானாலும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். நன்றாகச் சொன்ன பொய் கேட்டவருக்குச் சொந்தமாகிவிடுகிறது. அவருடைய அனுமதி இல்லாமல் அதன் மேல் கை வைக்க முடியாது.

புதன்கிழமை முகம் ஊதிவிட்டது. கணுக்காலில் விரல் வைத்து எடுத்தால் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பிந்து சிஸ்டர் போன் மேல் போன். அத்தான் போனைக் கையில் வாங்கவே இல்லை.

அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

“எலே, நீ அவர்ட்ட என்னத்தல சொன்னே? ஒறக்கத்துலயும் குட்டப்பன் குட்டப்பன்னு சொல்லுகாரு.”

எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாள் கிணற்றிலிருந்து கடைசி நாள் குவாரி வரை. என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்த சாதனம் சத்தியமா என்னதான் சொல்லிச்சு?”

“டீசல் தீர்ந்துபோச்சுன்னு.”

“அதைப் போய் அவர்ட்ட சொல்லு. இனி ஒண்ணும் கூட்டிச் சொல்லாதே. எனக்கு இவரு வேணும்லே.”

அதைச் சொல்ல எனக்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டது. இன்று காலைதான் சொன்னேன். அத்தான் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மூச்சு விசில் அடித்துக்கொண்டிருந்தது.

“அத்தான். குட்டப்பன் அங்ஙன ஒண்ணும் சொல்லல்ல.”

கண் திறந்தது. “பின்ன?”

“டீசல் தீர்ந்துபோச்சு, வண்டி ஆஃப் ஆவுதுன்னு சொன்னான். அவ்வளவுதான். பணி எடுத்தாச்சு, மதி, ஒறக்கம்... அதொக்க எனக்க சொந்தச் சரக்கு.”

“டீசலா?”

“ஆமா.”

“எலே சவமே!” மூச்சு இரைத்தது, ஆனாலும் விடவில்லை. “அதுக்காலே அந்தச் சேச்சியக் கரைய வச்சே? டீசல் தீர்ந்த வண்டி செத்த வண்டியாலே? லைன்ல காத்து கேறியிருக்கும். டீசல ஊத்தி, ஃபில்டர் ஸ்குரூவ லூசாக்கி, காத்தக் களைஞ்சிட்டு அடிச்சா ஸ்டார்ட் ஆவும். சின்ன வேலையாக்கும்... சின்ன வேலை...”

இருமல் வந்து மூடியது. எனக்கோ சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. திட்டிவிட்டார்! சனிக்கிழமைக்குப் பிறகு முதல் திட்டு!

“அதைத்தான் அத்தான் நானும் சொல்லுகேன்! எழும்புங்கோ, ஆட்டோ நிக்குவு.”

அத்தான் எழும்பாமல் கூரையைப் பார்த்தார்.

“ஊத்த ஆளு வேணும்லா மக்கா. அந்தக் குழிக்குள்ள எறங்கி, கேனைச் சுமந்து... ஒரு நாளு ஊத்தலாம். ரெண்டு நாளு ஊத்தலாம். ஓடவும் செய்யாத வண்டிக்கு, ஆயுசு மொத்தம் ஊத்திட்டே நிக்கணும்னா... ஊத்துக ஆளுக்க ஜீவிதம் என்னாவது?”

கதவு நிலையில் அக்கா நின்றிருந்தாள். கேட்டாள். கேட்காத மாதிரி வந்து தரையில் உட்கார்ந்து, வீங்கிப்போன அந்தக் காலில் செருப்பை நுழைத்தாள். நுழையவில்லை. வாரைத் தளர்த்திவிட்டு மறுபடி நுழைத்தாள்.

அத்தான் சம்மதித்தார் என்று எழுத எனக்கு ஆசைதான். வாசகர்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் இனி ஒண்ணும் கூட்டிச் சொல்லாதே என்று அக்கா சொல்லியிருக்கிறாளே... மறுக்க அவரிடம் மூச்சு இல்லை. அதுதான் நடந்தது. ஆட்டோ டிரைவரும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வைத்தோம்.

இதை எழுதுவது அந்த அறையிலிருந்துதான். அதே ஸ்டூல். டாக்டர் வந்து திட்டிவிட்டுப் போனார். பிந்து சிஸ்டர் ஊசி குத்தினார், குழாயில் சிவப்பு ஓட ஆரம்பித்தது. ஓமனச் சேச்சி இந்தப் பக்கம் சரிந்து அத்தானைப் பார்த்தார்.

“வில்சா, நம்முடெ குட்டப்பன் இனி வரில்லே?”

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தானே பதில் சொன்னார்.

“அவன் சத்ததல்ல சேச்சி. டீசல் தீர்ந்நதா. இவன் கள்ளம் பறஞ்ஞதா.” அவன் சாகவில்லை, நான் சொன்னது பொய் என்று போட்டு உடைத்துவிட்டார்.

“அய்யே! அதினா ஞான் ரெண்டு நேரம் சோறு உண்ணாதெ கெடந்நது?” சேச்சி என்னைப் பார்த்துக் கையை ஓங்கினார். பிறகு கையை இறக்கி, உண்மையாகவே விளங்காமல் கேட்டார்: “எந்நா ஆரெங்கிலும் கொறச்சு ஒழிச்சு கொடுத்தூடே?”

யாராவது கொஞ்சம் ஊற்றிக் கொடுக்கக் கூடாதா?

அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வீக்கம் மெதுவாக இறங்கும். மூச்சு சீராகும். சாயங்காலம் பேச்சும் தெம்பாகும். நாளை மறுநாள் சனிக்கிழமை, மறுக்கிற அளவுக்கு அவரிடம் மூச்சு இருக்கும். அதுதான் எனக்குப் பயம்.

பதினோரு மணி ஆகிவிட்டது. கவசப் படை முடிந்துபோனதால் அந்த நேரத்துக்குப் புதுத் தொடர் போட்டிருக்கிறார்கள். ரிப்பன் கட்டின ஒரு பூனைக்குட்டி. கேக் சுடுகிறது. சண்டை இல்லை, குழி இல்லை, ஒரு ஆணிகூட இல்லை. பூனைக்குட்டி ஏதோ சொல்லிவிட்டு மியாவ் என்கிறது. எல்லாக் கட்டிலிலிருந்தும் தலைகள் என் பக்கம் திரும்புகின்றன, ஒன்றைத் தவிர.

கேக் சுடுகிற ஒரு பூனைக்குட்டியை வைத்து ஒரு ஜேசிபி டிரைவரை எத்தனை நாள் உயிரோடு வைத்திருக்க முடியும்... தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.